தர்மா அண்ணனின் சுவிட்ச் பெட்டி

சுங்கை பட்டாணியில் கடையைத் திறந்து, வாசலில் பெரிய அண்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். வாங்கி வைத்த கோப்பி இன்னும் ஆறவில்லை. ஜித்ராவிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். கடை முதலாளி என்பதால் எனக்குத் தவுக்கே என்றே பேர்; அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“தவுக்கே, உங்க வயர்மேன் போயிட்டாராமே? பீர் சட்டிக்குப் பக்கத்துலதானாம். கரண்டு அடிச்சிருச்சின்னு பேசிக்கிறாங்க. நாங்க வாங்கினதும் அதே பெட்டிதானே லா?”

வயர்மேன் தர்மலிங்கத்தை இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். மீசைக்குக் கறுப்படித்துக்கொண்டு, பாக்கார் ஆராங் தெருமுனையில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே குரல் கொடுத்துவிடும் மனிதர். கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு, வீட்டில் பீர் காய்ச்சுவதற்காக நான் விற்ற மின்சாரச் சட்டிகளுக்கெல்லாம் சுவிட்ச் பெட்டி கட்டிக் கொடுத்தவர் அவர்தான். அவர் போய்விட்டார் என்று கேட்டதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டுப் பெட்டியில் என் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்றுதான் தோன்றியது. அவருடைய முகம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவர் மனைவி கமலா அண்ணியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். “எழுதுங்க. ஆனா அவரையும் பூசி மெழுகாதீங்க, உங்களையும் பூசி மெழுகாதீங்க” என்றார்.

எனக்கும் தர்மா அண்ணனுக்கும் பழக்கம் ஒரு சண்டையில்தான் தொடங்கியது. கல்யாணச் சமையல் பாத்திரங்களோடு, வீட்டில் பீரும் இஞ்சி பீரும் காய்ச்சுகிறவர்களுக்கான எஃகுச் சட்டிகளையும் அப்போது புதிதாக வரவழைத்திருந்தேன். அடியிலேயே சூடேற்றும் கம்பி பொருத்திய சட்டி. வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு. இரண்டு முனை பிளக்கோடு வந்தது. நம் ஊர்ச் சுவருக்கோ மூன்று துளை. இதற்கு நம் எல்லோரிடமும் ஒரு வழி இருக்கிறது. மேல் துளையில் பேனாவை விட்டு அழுத்தினால் கீழ்த் துளைகளின் மூடி திறந்துகொள்ளும். இரண்டு முனையை அதில் சொருகிவிடலாம். கைப்பேசிக்கும் அப்படித்தான், ரேடியோவுக்கும் அப்படித்தான். ஒரு வாடிக்கையாளர் முன்னால் நானும் பேனாவை எடுத்து அப்படிச் சொருகி, சட்டியைப் போட்டுக் காட்டினேன்.

வாணலி வாங்க வந்திருந்த ஒருவர் பின்னாலிருந்து கத்தினார். “என்னா தவுக்கே, கஸ்டமர கொல்றதுக்குப் பேனா போதுமா? கத்தி வாங்க வசதியில்லயா?”

எனக்குக் கோபம். வாடிக்கையாளர் நழுவிக்கொண்டிருந்தார். “ஊர்ல எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க” என்றேன்.

“எல்லாரும் சாகுறதில்ல, அதான் வினை. மொத ஆளு செத்திருந்தா ரெண்டாவது ஆளு செஞ்சிருக்க மாட்டான்” என்றார். பிறகு நான் அழைக்காமலே உள்ளே வந்து, மேல் துளையைக் காட்டிப் பேசினார். “இது பேனா விடுற ஓட்டை இல்ல. எர்த். சட்டிக்குள்ள கம்பி வெடிச்சி கரண்டு எஃகுல ஏறினா, அது மண்ணுக்குப் போக வச்சிருக்கிற வழி. அத அடைச்சிட்டா அடுத்த வழி யாரு? ஈரக் கையோட சட்டியப் புடிக்கிறவன்தான்.”

வாணலியை அவர் வாங்கவில்லை. அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது சட்டியோடு ஓர் இரும்புப் பெட்டியும் இருந்தது. முன்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான். “இனிமே இந்தச் சட்டி இந்தப் பெட்டியில்லாம கடைய விட்டுப் போகாது” என்றார், கடையே அவருடையது என்பதுபோல. எனக்கு வியாபாரம் தெரியும். பாதுகாப்பு என்று சொல்லி விற்றால் வீட்டுப் பெண்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று உடனே கணக்குப் போட்டேன். சரி என்றேன். அவர் சொன்னதை நம்பிச் சரி சொன்னேன் என்று இத்தனை வருடம் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் அவரிடம் கிடையாது. பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால் சமையல்காரர் விருந்தை விவரிப்பதுபோல விவரிப்பார். ஒரே நேரத்தில் இரண்டு கம்பியையும் வெட்டுகிற மெயின் சுவிட்ச். கொஞ்சம் கரண்டு கசிந்தாலும் படக்கென்று விழுகிற டிரிப். சட்டியின் உடம்பைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கிய பச்சை மஞ்சள் வயர். பெட்டியைச் சட்டிக்கு மேலே மாட்டக் கூடாது, ஆவி ஏறும்; பக்கவாட்டில், கண்ணுக்கு நேரான உயரத்தில் மாட்ட வேண்டும். வயர் கீழே தொங்கி, வளைந்து, பிறகு மேலே ஏறிப் பெட்டிக்குள் போக வேண்டும். அப்போதுதான் வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். குளிர்சாதனத்துக்கு எப்படித் தனி வயர் இழுக்கிறோமோ அப்படிச் சட்டிக்கும் மெயின் போர்டிலிருந்து தனி வயர் வேண்டும். இதையெல்லாம் சொல்லி முடித்து, “எப்படி?” என்று கேட்பார். பாராட்டும்வரை மூடியை மூட மாட்டார்.

ஒரு மத்தியானம் இடி மழை. கடையில் சட்டியைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனது. திரும்பி வந்ததும் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, சட்டி மட்டும் சும்மா இருந்தது. ஆட்கள் முன்னால் எனக்கு அவமானமாகிவிட்டது. அவருக்குப் போன் போட்டு, “பெட்டி செத்துப்போச்சி அண்ணே” என்றேன்.

“சாகல லா. உத்தரவுக்குக் காத்துக்கிட்டு நிக்கிது. கரண்டு போன நேரத்துல நீங்க என்னா செஞ்சிக்கிட்டு இருந்தீங்கன்னு அதுக்குத் தெரியுமா? சட்டிக்குள்ள கைய விட்டுத் தேய்ச்சிக்கிட்டு இருந்தா? அதனால அது தானா எந்திரிக்காது. நீங்க பச்சைப் பொத்தான அமுக்கிச் சொல்லணும்.” கொஞ்சம் நிறுத்தி, “உங்க கடையில அனுமதி கேட்டு வேல செய்யிற ஒரே ஆளு அந்தப் பெட்டிதான்” என்றார்.

அவரிடம் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே ‘காய்ச்சுகிறான்’ என்றால் ஒன்றுதான் அர்த்தம், கள்ளச் சாராயம். அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். இன்று கோயில் நிர்வாகத்தில் இருக்கிறேன். சக நிர்வாகிகளிடம் இந்தச் சட்டியைச் சுடுதண்ணிச் சட்டி என்று சொல்லி வைத்திருந்தேன். தர்மா அண்ணன் ஒருநாள் கோயில் அன்னதானப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, “தவுக்கே, பீர் சட்டி புதுசு வந்துருச்சா?” என்று கூவினார். கோயில் தலைவர் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன். “இல்லங்க, தப்பா சொல்லிட்டேன். சுடுதண்ணிச் சட்டி. அதுல கொஞ்சம் பார்லியும் போடுவோம், தண்ணி தனியா பயப்படக் கூடாதுன்னு” என்றார் தர்மா அண்ணன். பந்தி முழுக்கச் சிரித்தது.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். “என் மானத்த வாங்காதீங்க அண்ணே.”

அவர் சிரிக்கவில்லை. “எங்கப்பா குடிச்சதுல என்னா இருந்திச்சின்னு காய்ச்சினவனுக்கே தெரியாது தவுக்கே. நான் குடிக்கிறதுல என்னா இருக்குன்னு எனக்குத் தெரியும், கமலாவுக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தெரியும். ஒளிச்சிக் காய்ச்சினாதான் அது அசிங்கம். வெளிச்சத்துல காய்ச்சினா சமையல்.” ஒரு கிளாஸுக்குமேல் அவர் குடித்து நான் பார்த்ததில்லை. விற்றதும் இல்லை. குடிப்பதைவிடக் காய்ச்சுவதில்தான் அவருக்கு ருசி. அன்றைக்கு அவர் பேச்சுக்குத் தலையாட்டினேன். மறுநாளும் சுடுதண்ணிச் சட்டி என்றேதான் சொன்னேன்.

யான் ஊர்ப் பக்கம் ஒரு லாரிக்காரர் எங்கள் சட்டி வாங்கியிருந்தார். இஞ்சி பீர் காய்ச்சுவார். ஒரு வாரமாகப் போனில் திட்டு. “என்னா பெட்டிலா இது? போட்டவொடனே விழுது. வீட்ல என்னைக் கேலி பண்றாங்க. காச திருப்பிக் கொடுங்க.” தர்மா அண்ணனைக் காடியில் முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு போனேன். ஜெராய் மலை மேகத்துக்குள் இருந்தது. வயலெல்லாம் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. வழியில் என் யோசனையைச் சொன்னேன். “அந்த டிரிப்ப மட்டும் கழட்டிட்டு சாதா சுவிட்ச் போட்டுருங்க அண்ணே. அவரும் சந்தோஷம், நாமளும் சந்தோஷம்.”

அவர் வாயை மூடி நான் பார்த்தது அந்தக் கால் மணி நேரம்தான். லாரிக்காரர் வீட்டில் சட்டியைக் கவிழ்த்து, மீட்டரை வைத்துப் பார்த்து, என்னைக் கூப்பிட்டார். சூடேற்றும் கம்பியின் மேலுறையில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அதற்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. லாரிக்காரரின் மனைவி வெறுங்காலோடு ஈரச் சிமெண்டுத் தரையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினம் அந்தச் சட்டியைக் கழுவுகிறவர் அவர்தான்.

“பெட்டி தகராறு பண்ணலீங்க” என்று தர்மா அண்ணன் அந்த அம்மாவிடம் சொன்னார். “சாட்சி சொல்லிக்கிட்டு இருந்திச்சி. நாங்கதான் காதுல வாங்கல.” ‘நாங்க’ என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார். காடியில் நான் சொன்னதை அந்த வீட்டில் சொல்லவில்லை. அதன்பிறகு யாரிடமும் சொல்லவில்லை. கம்பியை மாற்றிக் கொடுத்தோம். திரும்பும்போது கடலோரம் நிறுத்தச் சொல்லி, சுட்ட மீன் வாங்கித் தரச் சொல்லி, முள்ளைத் துப்பியபடியே, “இன்னிக்கி நீங்க ஒரு பொம்பளைய காப்பாத்தியிருக்கீங்க தவுக்கே, நல்லா சாப்பிடுங்க” என்றார். கிண்டலா, மன்னிப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவர் போன அன்று பாக்கார் ஆராங் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் பந்தல் கட்டி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பந்தலுக்குள் காலை வைத்ததுமே காதில் விழுந்தது அதே பேச்சு. “அவரு கட்டின மெஷினே அவர அடிச்சிருச்சாம்.” “பீர் காய்ச்சிக்கிட்டு இருந்தப்பவாம்.” அவரை நடு வீட்டில் கிடத்தியிருந்தார்கள். நான் அவருக்குப் பக்கத்தில் போகவில்லை. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்கட்டுச் சமையலறைக்குப் போனேன். சட்டி அதன் இடத்தில் இருந்தது. சுவரில் பெட்டி. குனிந்து பெட்டியின் முகப்பைப் பார்த்தேன். ஓரங்களைப் பார்த்தேன்.

“என்னா தேடுறீங்க தவுக்கே?”

கமலா அண்ணி பின்னால் நின்றார். அழுது முடித்த முகம்.

“மெயின் சுவிட்ச் ஆஃப்ல இருக்கான்னு பாக்க வந்தேன் அண்ணி.”

“ஆஃப்லதான் இருக்கு. ஸ்டிக்கர் அடியில இருக்கு. உங்க கடைப் பேர கோணலா ஒட்டிட்டேன்னு அவருக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்தல்.”

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

நடந்ததை அண்ணிதான் சொன்னார். விடிந்து எழுந்து, நெஞ்சு கனமாக இருக்கிறது என்று சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். வெந்நீர் கொண்டு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. வந்த டாக்டர் இருதயம் என்று சொல்லிவிட்டார். சட்டியில் இரண்டு வாரமாகத் தண்ணீரே ஊற்றவில்லை. தூக்க வந்தவர்களில் யாரோ சமையலறையை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். சட்டியையும் சிவப்புப் பொத்தானையும் பார்த்திருக்கிறார்கள். மிச்சத்தை ஊர் சேர்த்துக்கொண்டது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தர்மா அண்ணனின் பெரியண்ணன் முத்தையா உள்ளே வந்தார். தோட்டத்திலேயே இருந்துவிட்டவர். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுது வந்தவர், சட்டியைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்துவிட்டார்.

“இந்தச் சனியன தூக்கி வெளிய எறிங்க! எங்கப்பன் காய்ச்சினத குடிச்சிச் செத்தான், இவன் காய்ச்சியே செத்தான்னு தெருவே பேசுது. எடுக்குறதுக்கு முன்னால இது வெளிய போவணும்!”

பந்தலில் இருந்தவர்கள் சந்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். அண்ணி என்னிடம் திரும்பினார். “மாமா நம்ப மாட்டாரு. நான் சொன்னா புருஷனுக்குப் பேசுறேன்னுவாங்க. நீங்க விக்கிறவரு. ஊர் பூரா வித்திருக்கீங்க. போட்டுக் காட்டுங்க தவுக்கே. அவர அவரு கட்டின பெட்டியே கொன்னுச்சின்னு சொல்லி எடுத்துட்டுப் போகக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு.”

சட்டியில் தண்ணீர் ஊற்றினேன். மெயினைப் போட்டேன். டிரிப்பின் சோதனைப் பொத்தானை அழுத்தினேன், படக்கென்று விழுந்தது. மறுபடி தூக்கிவிட்டேன். பச்சைப் பொத்தானை அமுக்கினேன். விளக்கு எரிந்தது, தண்ணீர் மெதுவாக முனக ஆரம்பித்தது. எல்லாம் அவர் வாயால் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமான வரிசை.

“வெளக்கு எரியறது எனக்கும் தெரியுது” என்றார் முத்தையா அண்ணன். “சட்டியத் தொடுங்க பாப்போம்.”

கையை நீட்டினேன். பாதி தூரம் போனது. அங்கே நின்றுவிட்டது.

எர்த் எங்கே முறுக்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். டிரிப் இப்போதுதான் என் கண் முன்னால் விழுந்தது. எத்தனையோ வீடுகளுக்கு அந்தப் பெட்டியை விற்றவன் நான். “குழந்தைகூடத் தொடலாம்” என்பதுதான் கடையில் நான் வழக்கமாகச் சொல்வது. ஆனால் ஓடுகிற சட்டியை ஒருமுறைகூட நான் தொட்டதில்லை என்பது அந்த நேரத்தில்தான் எனக்கே தெரிந்தது. சந்தில் யாரோ ‘ச்சு’ என்றார்கள். “பாத்தியா, விக்கிறவனே தொடல” என்று ஒரு குரல்.

அண்ணி என்னைத் தாண்டி வந்தார். சடங்கு இன்னும் தொடங்கவில்லை. கையில் கண்ணாடி வளையல்கள் அப்படியே இருந்தன. குழாயில் கையை நனைத்தார். ஈர உள்ளங்கையைச் சட்டியின்மேல் முழுதாகப் பதித்தார். வளையல்கள் எஃகில் பட்டுக் கிண்ணென்றன. அவர் கையை எடுக்கவில்லை.

“சூடாகுது” என்றார். “அவ்ளோதான்.”

பிறகு முத்தையா அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிட்டே வந்தார். ஒரு விரல், பிறகு நாலு விரல், பிறகு கை. “என் தம்பி…” என்று தொடங்கியவருக்கு மேலே வரவில்லை. கையை எடுக்காமலே அழுதார். சந்திலிருந்து இன்னும் இரண்டு மூன்று பேர் வந்து தொட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் சூடேறி ஆவி வரும்போது அண்ணி சிவப்புப் பொத்தானை அமுக்கினார். பந்தலில் பேச்சு மாறிவிட்டதை உள்ளிருந்தே கேட்க முடிந்தது. “இருதயமாம். சோபாவுலதான் ஒக்காந்திருந்தாராம்.” “அந்தப் பெட்டிக்கு ஒண்ணும் இல்லப்பா, நானே தொட்டேன்.”

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி எனக்கும் ஒரு டம்ளர் கோப்பி கொடுத்து அனுப்பினார். பின்நேரம் எடுத்தோம். வாய்க்கரிசி போடும் வரிசையில் நான் நின்றேன். பாதியில் நின்ற அதே கையால்தான் போட்டேன்.

தர்மா அண்ணன் கட்டிய பெட்டிகள் யானிலும் ஜித்ராவிலும் உங்கள் வீடுகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவரைப் பற்றி வேறு மாதிரி கேள்விப்பட்டவர்கள் இருந்தால், மேலே எழுதியதுதான் நடந்தது. அவருடைய வேலையில் குறையில்லை. கோயில் நிர்வாகத்திலும் சொல்லிவிட்டேன், நான் விற்பது பீர் காய்ச்சும் சட்டி என்று. தலைவர், “தெரியுமே” என்றார்.

இப்போது உரிமம் உள்ள வேறொரு வயர்மேன் பெட்டி கட்டித் தருகிறார். நல்ல வேலைக்காரர், பேசமாட்டார். எர்த்தையும் டிரிப்பையும் அவர் மீட்டரை வைத்துச் சோதித்து, சரி என்று சொல்வார். சோதனை அதுதான், கை ஒரு சோதனையே இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் சரி என்ற பிறகு, சட்டி கடையை விட்டுப் போவதற்கு முன், கையை நனைத்து ஓடுகிற சட்டியின்மேல் வைக்கிறேன். வாடிக்கையாளர்கள் அதை வியாபாரத் தந்திரம் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கை பாதி தூரத்தில் கொஞ்சம் நிற்கிறது. நின்றுவிட்டுத்தான் போகிறது. தர்மா அண்ணன் எனக்கு விட்டுப்போனது, இதை அடுத்துத் தொடப்போகிறவரை நினைக்க வைக்கும் அந்தத் தயக்கம்தான். அது போய்விடக் கூடாது என்று நினைக்கிறேன்.